நாட்டுக்கோழிக் குஞ்சுகள் முதல் வாரத்திலேயே செத்துப்போகின்றன. என்ன மருந்து கொடுக்கலாம்?

மருந்துக்கு அப்புறம் வருகிறேன். 30 குஞ்சு வாங்கி, ஆறு நாளில் 13 போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 13 எந்தெந்த நாளில் செத்தன? முதல் இரண்டு நாளிலா, நான்காம் ஐந்தாம் நாளிலா? குஞ்சு சாகிற நாளும், அதைக் கொன்ற தவறு நடந்த நாளும் பெரும்பாலும் வேறு வேறு. அதனால்தான் கேட்கிறேன்.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். எனக்கு வீடு ரெட்டிச்சாவடி பக்கம், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். முதல் முறை 50 சிறுவிடைக் குஞ்சு (நாட்டுக்கோழியில் ஒரு ரகம்) இறக்கினேன். மூன்று நாள் ஒரு சாவுகூட இல்லை. பெருமையாகப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். நான்காம் நாள் காலையில் 5, ஐந்தாம் நாள் 9, ஆறாம் நாள் 4. ஏதோ நோய் புகுந்துவிட்டது என்று பயந்து, கடையில் கொடுத்த ஆன்டிபயாடிக் பொடியை வாங்கித் தண்ணீரில் கலக்கினேன். சாவு நிற்கவில்லை. செத்த குஞ்சு இரண்டைப் பையில் போட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் அறுத்துப் பார்த்துவிட்டு, “இதுல நோய் எதுவும் தெரியல தம்பி. தீனிப்பை காலியா இருக்கு. பட்டினியில செத்திருக்கு” என்றார்.

தட்டு நிறையத் தீனி இருந்ததே என்று எனக்கு ஒரே குழப்பம். அவர்தான் விளக்கினார். முட்டை ஓட்டை உடைத்து வெளியே வருவதற்குச் சற்று முன்னால், மிச்சமிருக்கும் மஞ்சள் கருவைக் குஞ்சு தன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அது கட்டுச்சோறு மாதிரி. இரண்டு மூன்று நாள் தாங்கும். பொரித்த குஞ்சைப் பெட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்ப முடிவதே அதனால்தான். அந்தக் கட்டுச்சோறு தீர்வதற்குள் குஞ்சு கொத்தித் தின்னப் பழகிவிட வேண்டும். குளிரில் இருக்கிற குஞ்சு தீனியைத் தேடிப் போகாது, ஒன்றோடொன்று ஒட்டி முடங்கிக் கிடக்கும். வயிற்றில் இருப்பது தீர்ந்ததும் நான்காம் நாள், ஐந்தாம் நாள் என்று வரிசையாக விழும். கொன்றது முதல் ராத்திரியின் குளிர்.

என் கொட்டகையில் குளிர் எப்படி வந்தது? நான் மாட்டியிருந்தது 9 வாட் எல்இடி பல்பு! வெளிச்சம் கல்யாண வீடு மாதிரி இருந்தது, சூடு துளிகூட இல்லை. தேடிப் பிடித்தாவது பழைய குண்டு பல்பு வாங்குங்கள். ஒரு குஞ்சுக்கு 2 வாட் கணக்கு. உங்கள் 30 குஞ்சுக்கு ஒரு 60 வாட் போதும். ராத்திரி பல்பு ஃபியூஸ் ஆனால் எல்லாம் முடிந்தது, அதனால் நான் இரண்டு 40 வாட்டாக மாட்டுகிறேன். சுற்றிலும் ஒன்றரை அடி உயரத்துக்கு அட்டையை வட்டமாக நிறுத்துங்கள். சதுரமாக வைத்தால் மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது மூச்சுத் திணறிச் சாகும். கீழே இரண்டு அங்குலம் காய்ந்த உமி. மேலே வழவழப்பான செய்தித்தாள் போடாதீர்கள், கால் வழுக்கி இரண்டு பக்கமும் விரிந்துகொள்ளும். முதல் சில நாளுக்குக் கோணிச்சாக்கு நல்லது.

முதல் வாரம் குஞ்சு இருக்கிற மட்டத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. நானும் வெப்பமானி வாங்கித் தொங்கவிட்டேன். எங்கள் ஆயா அதைப் பார்த்துவிட்டு, “கோழி என்னா எந்நேரமும் குஞ்சு மேலயே உக்காந்துகினா இருக்குது?” என்று கேட்டது. சரியான கேள்வி. தாய்க்கோழி கொஞ்ச நேரம் இறக்கைக்குள் வைத்திருக்கும், கொஞ்ச நேரம் மேய விடும். குஞ்சுக்கு வேண்டியது சூடான இடம் ஒன்று, அதிலிருந்து விலகிப் போக இடம் ஒன்று. பல்பை வட்டத்தின் நடுவில் தொங்கவிட்டு ஓரத்தைச் சும்மா விட்டால் குஞ்சே வேண்டியதை எடுத்துக்கொள்ளும். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர், பல்பைக் கொஞ்சம் இறக்குங்கள். ஓரத்துக்குப் போய் வாயைப் பிளந்து இளைத்தால் சூடு, ஏற்றுங்கள். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் காற்று அடிக்கிறது. நம் ஊரில் சாயங்காலக் கடல்காற்று இந்த வேலையைச் செய்யும். பரவலாக அங்கங்கே படுத்திருந்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம்.

இதில் இன்னொன்று. அக்னி நட்சத்திரத்தில் நம் பக்கம் மதியம் நிழலிலேயே 100 டிகிரி. தகரக் கொட்டகைக்குள் கேட்கவே வேண்டாம். 95 என்று எழுதியிருக்கிறதே என்று பகலிலும் பல்பை எரியவிட்டுக் குஞ்சை வேகவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மே மாதத்தில் பல்பு விடியற்காலைக்கு மட்டும்தான்.

குஞ்சு வந்ததும் முதலில் தண்ணீர், தீனி ஒரு மணி நேரம் கழித்துத்தான். லிட்டருக்கு ஒரு சிறு கட்டி வெல்லம் கரைத்து, ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுத்து அலகு நுனியை ஒருமுறை அதில் நனைத்து விடுங்கள். 30 குஞ்சுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லையென்றால் இறங்கி நனைந்து விறைத்துப்போகும். தீனியை முதல் நாள் சாக்கின்மேலேயே தூவுங்கள். உடைத்த மக்காச்சோளமோ நொய்யோ போதும், மறுநாளிலிருந்து குஞ்சுத் தீவனம். அன்று ராத்திரி பத்து குஞ்சைப் பிடித்துக் கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று நிறைந்திருக்க வேண்டும். குஞ்சின் காலை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் சூடு போதவில்லை. என் வெப்பமானி இப்போது எங்கே கிடக்கிறது என்றே தெரியவில்லை.

முதல் இரண்டு நாளிலேயே செத்திருந்தால் கதை வேறு. வழியில் நொந்தது, அல்லது தொப்புள் மூடாமல் அதன் வழியாகக் கிருமி ஏறியது. வயிறு உப்பி, ஈரமாக, நாற்றம் அடிக்கும். அதற்குப் பெரிதாக வைத்தியம் கிடையாது. வாங்கும்போதே குஞ்சைத் திருப்பித் தொப்புளைப் பார்த்து எடுப்பதுதான் வழி. சந்தையில் சாயம் பூசி விற்கும் குஞ்சுகளைப் பிள்ளைகள் கேட்டாலும் வாங்காதீர்கள். பெரும்பாலும் முட்டைக்கோழி இனத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய சேவல் குஞ்சுகள் அவை. பிறந்த அன்றே சாயத்தில் நனைந்து, அலைந்து திரிந்து வந்தவை.

கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது என்னிடம் ஒரு வாரக் குஞ்சு 40 இருந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. கரண்ட் போனது போனதுதான். குஞ்சுகளை ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் படுக்கையறைக்குள் கொண்டுவந்து, பிளாஸ்டிக் பாட்டிலில் வெந்நீர் நிரப்பிப் பழைய வேட்டியில் சுற்றி நடுவில் வைத்தோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினோம். வீட்டில் குளிக்க வெந்நீர் கேட்டவருக்குக் கிடைக்கவில்லை. ஒரே ஒரு குஞ்சுதான் போனது. மூடிய அறைக்குள் கரித் தணல் மட்டும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் நச்சுக்காற்றில் குஞ்சும் போகும், கூடப் படுத்த ஆளும் போவார்.

எறும்பை யாரும் நினைப்பதில்லை. செவ்வெறும்பு ஒரு ராத்திரியில் பலவீனமான குஞ்சைத் தின்றுவிடும். சிந்திய தீனியைச் சாயங்காலமே கூட்டிவிடுங்கள். பெருச்சாளிக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை.

சரி, மருந்து. உங்களிடம் மீதமிருக்கும் 17 குஞ்சுக்கு இன்று ஆறாம் நாள். ஆன்டிபயாடிக் வேண்டாம், வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) தடுப்பு மருந்துதான் வேண்டும். 5 முதல் 7 நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. குப்பி 100 குஞ்சுக்குக் குறையாத அளவில்தான் வரும், அக்கம்பக்கத்தில் குஞ்சு வைத்திருப்பவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐஸ் போட்ட பிளாஸ்கில் எடுத்து வந்து, கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் ஏறும் முன் முடித்துவிட வேண்டும். சோர்ந்து நிற்கும் குஞ்சுக்கு இப்போது விட வேண்டாம். கடலூர் என்றால் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் அங்கேயே இருக்கிறது, புதுச்சேரிப் பக்கம் என்றால் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி. நாளைக் காலையிலேயே கேட்டுவிடுங்கள். போகும்போது, கடைசியாகச் செத்த குஞ்சைப் புதைக்காமல் வைத்திருந்தால் அதையும் ஐஸில் வைத்து எடுத்துப் போங்கள்.