அடித்துவிட்ட வரி

கேள்வி: எனக்கு 26 வயது. சேலம் அன்னதானப்பட்டியில் இருக்கிறோம். ஐந்து ரோடு பக்கம் ஒரு துணிக்கடையில் வேலை. கடை அடைத்துக் கிளம்ப இரவு பத்தாகிவிடும். நான்கு மாதமாக, படுத்ததும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கொலைகாரர்களின் கதைகளைக் கேட்கிறேன். ஆட்டோ சங்கர், சார்லஸ் சோப்ராஜ், அமெரிக்காவின் டெட் பண்டி எல்லாம் அத்துப்படி. எடப்பாடிக்காரன் 'சைக்கோ' சங்கர் நம்ம சேலம் பஸ் ஸ்டாண்டில்தான் போலீஸிடமிருந்து தப்பினான் என்று கேட்டதிலிருந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது. ஆனாலும் கேட்காமல் தூக்கம் வருவதில்லை. கணவர் லாரி டிரைவர், பாதி நாள் வெளியூர். மாமியாரோ, "ராத்திரியில் பொணக்கதை கேட்டால் வயிற்றில் புழு பூச்சி எப்படித் தங்கும்?" என்கிறார். எனக்கு ஏதாவது மனநோயா?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: நோயெல்லாம் இல்லை, தங்கச்சி. மாமியாரையும் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சிறுமியாக இருந்த காலத்தில் சந்தையிலும் ரயிலிலும் கொலைச்சிந்து என்று சின்னச் சின்னப் புத்தகங்கள் விற்பார்கள். எந்த ஊரில் யார் யாரை வெட்டினார்கள் என்பதை ராகம் போட்டுப் பாடியே விற்பார்கள். கூட்டம் அழுதுகொண்டே கேட்கும், காசு கொடுத்து வாங்கியும் போகும். உங்கள் காதில் இருக்கும் ஹெட்செட் அதன் பேத்தி.

முதலில் அந்த பஸ் ஸ்டாண்டு பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2011 மார்ச்சில் தர்மபுரி கோர்ட்டுக்குக் கூட்டிப்போய்விட்டு கோவை ஜெயிலுக்குத் திரும்பும் வழியில் அவன் சேலத்தில் தப்பியது உண்மை. காவலுக்குப் போன போலீஸ்காரர்களில் ஒருவர் அந்த அவமானம் தாங்காமல் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். எனக்கு அந்தக் கதையில் மறக்க முடியாதவர் அவர்தான். தப்பியவன் அதே வருடம் மே மாதம் கர்நாடகாவில் பீஜப்பூர் பக்கம் மாட்டினான். வயலில் தனியாக வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய், குடிக்கத் தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் கேட்டிருக்கிறான். அப்புறம் கை வைக்கப் பார்த்திருக்கிறான். அந்தப் பெண் போட்ட கூச்சலில் கணவரும் இன்னொருவரும் ஓடிவந்து பிடித்து போலீஸில் ஒப்படைத்தார்கள். 2013இல் பெங்களூரு ஜெயிலிலிருந்து மறுபடி தப்பி, சில நாளிலேயே பிடிபட்டு, 2018இல் அங்கேயே செத்தும் போனான். ஆட்டோ சங்கர் கதை அதற்கும் முன்னால், 1995 ஏப்ரல் 27 அன்று, நம்ம அஸ்தம்பட்டி ஜெயிலில் தூக்கோடு முடிந்துவிட்டது. இவர்களில் யாரும் உங்கள் டவுன் பஸ்ஸில் ஏறப்போவதில்லை.

ஆனால் சைக்கோ சங்கர் தண்ணீர் கேட்டான் என்பதை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். நீங்கள் கேட்கிற கதைகளில் பாதி இப்படித்தான் ஆரம்பிக்கும். 1974இல் டெட் பண்டி ஏரிக்கரையில் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றான். படகை வண்டியில் ஏற்ற ஒரு கை பிடிக்க முடியுமா என்று பெண்களிடம் மரியாதையாகக் கேட்டான். சோப்ராஜ் பாங்காக்கில் ரத்தின வியாபாரியாக நடித்து, பழகிய வெளிநாட்டுப் பயணிகளுக்கு அவனே மருந்தைக் கலந்து கொடுத்துப் படுக்க வைப்பான், பக்கத்தில் உட்கார்ந்து அவனே பணிவிடையும் செய்வான். இங்கிலாந்தில் ஹரால்ட் ஷிப்மன் என்று ஒரு குடும்ப டாக்டர். வீட்டுக்கே வந்து ஊசி போடுகிற நல்ல டாக்டர் என்று பெயர். 2000இல் 15 கொலைகளுக்குத் தண்டனை பெற்றார். பிறகு நடந்த விசாரணை, அவர் கொன்றவர்கள் 215 பேர் என்று கண்டது. பெரும்பாலும் வயதான பெண்கள். இதை வெகு முன்பே மோப்பம் பிடித்தவர் ஒரு டாக்ஸி டிரைவர். தன் வண்டியில் வழக்கமாக வரும் பாட்டிகள் வரிசையாக இறக்கிறார்களே, எல்லோருக்கும் ஒரே டாக்டராக இருக்கிறாரே என்று பெயர்களைக் குறித்து வைத்திருந்தார். டாக்டரைப் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று ரொம்ப நாள் வெளியே சொல்லவில்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரியை எழுதிவிட்டு பேனாவால் அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிகிறது. 'சூப்பர்வைசர் அண்ணன் தினமும் வண்டியில் இறக்கிவிடுகிறேன் என்பார், நான் வேண்டாம் என்பேன், நல்ல மனுசன்தான்.' (யார் என்று தெரிந்துவிடாதபடி ஏரியா, வேலை எல்லாவற்றையும் மாற்றித்தான் இங்கே அச்சிட்டிருக்கிறேன். பயப்பட வேண்டாம்.) அவர் எப்போதிலிருந்து கேட்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. நான்கு மாதமாக என்று நான் பந்தயம் கட்டத் தயார். தப்பாக இருந்தால் மன்னித்துவிடுங்கள், எனக்குச் சந்தோஷம்தான்.

அவர் கொலைகாரர் என்று சொல்லவில்லை. வண்டியில் இறக்கிவிடுகிறேன் என்பது குற்றமும் இல்லை. ஆனால் வேண்டாம் என்ற பிறகும் தினமும் கேட்கிறார். உங்களுக்கு ஏதோ உறுத்துகிறது. மேலதிகாரியைப் பற்றி அப்படி நினைப்பதே தப்பு என்று அதை அடித்துவிட்டு, ராத்திரியில் உட்கார்ந்து ஆட்டோ சங்கரைக் கேட்கிறீர்கள். செத்தவனைக் கண்டு பயப்படுவது சுலபம், நாளைக் காலை அவனுக்கு வணக்கம் சொல்ல வேண்டியதில்லையே. நம் நாட்டில் பதிவாகும் பாலியல் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல், செய்தவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த ஆள்தான். பஸ் ஸ்டாண்டு இருட்டை முறைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

சரி, செய்ய வேண்டியது. அடுத்த முறை கேட்டால், "எனக்கு இஷ்டமில்லை, இனிமேல் கேட்காதீங்க" என்று சொல்லுங்கள். நாலு பேர் இருக்கும்போதே சொல்லுங்கள். அண்ணன் என்று சேர்க்க வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். அன்றைக்கே தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூட வேலை செய்கிற பெண்களிடம் பேச்சுவாக்கில் கேட்டுப் பாருங்கள், அவர் வண்டியில் ஏறாத இன்னொருத்தி நிச்சயம் இருப்பாள். அதற்கு மேலும் தொடர்ந்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார்க் குழு இருந்தாக வேண்டும். கடையில் அப்படி ஒன்று இல்லையென்றால், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் உள்ளூர்ப் புகார்க் குழு உண்டு, கலெக்டர் அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதனால்தான் தேதி முக்கியம். அவசரம் என்றால் 181 அல்லது 112. கணவரிடமும் சொல்லுங்கள். போனில் வேண்டாம், மனிதர் ராத்திரியில் லாரி ஓட்டுகிறவர். ஊருக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள்.

கதை கேட்பதை விட வேண்டியதில்லை. படுக்கையில் மட்டும் வேண்டாம், பாத்திரம் கழுவும்போது கேளுங்கள். அப்புறம், உங்கள் மாமியாரிடம் பழைய கொலைச்சிந்து ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். நாலு வரி வந்தாலும் எனக்கு எழுதி அனுப்புங்கள், நான் சேர்த்துவருகிறேன்.