பிக்கப் பின்னால் ஓர் இரவு: ஈரம், குளிர், மழை பற்றிய உங்கள் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்குகிறது. பிக்கப் வண்டியின் பின்தளத்தில் படுக்கை போட்டுத் தூங்குவது பற்றிக் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகளில் பாதி கேமரன் மலைக்குப் போவதைப் பற்றியவை, மீதி மழையைப் பற்றியவை. பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணே, போன மாதம் ஹைலக்ஸ் பிக்கப்பில் கேமரன் மலையில் இருக்கும் பிரிஞ்சாங் போய் நானும் மனைவியும் பின்னாலேயே படுத்தோம். இரவு மழையே இல்லை. ஆனால் காலையில் கெனொப்பி (பின்தளத்தை மூடும் கூண்டு) கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிப் போர்வை நனைந்துவிட்டது. புதிதாக சிலிக்கான் அடித்தால் சரியாகுமா? (செந்தூல்)

மழை பெய்யாத இரவில் கூரை ஒழுகாது தம்பி. அது நீங்கள் இருவரும் விட்ட மூச்சு. தூங்கும்போது இரண்டு பேரின் மூச்சும் வியர்வையும் சேர்ந்து அரை லிட்டர் அளவுக்கு நீராவியாக வெளியேறும். பிரிஞ்சாங் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் வெளியே 15, 16 டிகிரிக்கு இறங்கும். உள்ளே உடம்புச் சூட்டில் 21, 22 டிகிரி இருக்கும். அந்த ஈரக் காற்று குளிர்ந்த ஃபைபர் கூரையைத் தொட்டதும் தண்ணீராகிவிடுகிறது.

குளிருகிறதே என்று கண்ணாடிகளை இறுக்கி மூடியிருப்பீர்கள். பெரும்பாலானோர் அதைத்தான் செய்கிறார்கள், ஈரம் ஏறுவதும் அதனால்தான். "வெளியேயும் பனிமூட்டம், அந்தக் காற்றை உள்ளே விட்டால் இன்னும் நனையாதா?" என்று கேட்பார்கள். நனையாது. 16 டிகிரிக் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும், அது சுமக்கக்கூடிய நீர் 22 டிகிரிக் காற்று சுமப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. உள்ளே வந்து சூடானதும் அது ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேறும். ஆக, வழி ஒன்றல்ல, இரண்டு வேண்டும்: காற்று நுழையத் தாழ்வாக ஒன்று, வெளியேற எதிர்ப்பக்கத்தில் உயரமாக ஒன்று. பக்கவாட்டுக் கண்ணாடியை இரண்டு விரல் அளவு திறந்து, மேலே மழைத்தடுப்பு ஒட்டிவிடுங்கள். பின்பக்கம் மேலே கணினிக்குள் இருப்பது போன்ற 12 வோல்ட் சின்ன விசிறி ஒன்றைக் காற்றை வெளியே தள்ளும்படி மாட்டினால் போதும். காற்று நுழையும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் தலை வைத்துப் படுங்கள், குளிர் தெரியாது. நனைந்த சட்டை, காலணி, துண்டு எல்லாம் முன் கேபினில் இருக்கட்டும்.

கூரையிலேயே உண்மையான ஓட்டை இருக்கிறதா என்ற சந்தேகம் தீர ஒரு வழி உண்டு. உள்ளே யாரும் படுக்காத பகலில், காய்ந்த நாளிதழை விரித்துவிட்டு வெளியிலிருந்து தோட்டக் குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். தாள் காய்ந்தே இருந்தால் சிலிக்கானுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

மழை பெய்தால் மெத்தைக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது. கூரையும் கண்ணாடியும் நன்றாகத்தான் இருக்கின்றன. எங்கிருந்து வருகிறது? (பாயான் லெப்பாஸ்)

பின் கதவிலிருந்து. பிக்கப்பின் பின் கதவு மண்ணும் செங்கல்லும் ஏற்றுவதற்காகச் செய்தது. கீழ் ஓரத்திலும் இரு பக்கங்களிலும் விரல் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். ஓடும்போது சக்கரம் கிளப்பும் தண்ணீரும் புழுதியும் அந்த வழியாகத்தான் உள்ளே இழுக்கப்படுகின்றன. கார் கதவுக்குப் போடும் குழல் வடிவ ரப்பர் பட்டையை வாங்கிச் சுற்றிலும் ஒட்டுங்கள். அடுத்து, கெனொப்பி உட்காரும் விளிம்பு. அங்கே இருக்கும் ஃபோம் பட்டை நம் வெயிலில் அமுங்கித் தட்டையாகிவிடும். கிளாம்பைத் தளர்த்தி, பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிது போடுங்கள்.

சீல் பண்ண ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சிலிக்கானை எடுத்துவிடாதீர்கள். காடி வாசனை அடிக்கிற வகை இரும்பை அரிக்கும். நியூட்ரல் வகை அல்லது பாலியூரித்தேன் சீலன்ட் என்று கேட்டு வாங்குங்கள். தளத்தின் மூலைகளில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள். எவ்வளவு சீல் பண்ணினாலும் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும், அது போக வழி வேண்டும். கொசு வராமல் துளைமேல் வலைத்துண்டு ஒட்டினால் சரி.

அண்ணா, இந்த முறை அம்மாவையும் கேமரனுக்கு அழைத்துப் போகிறோம். அவருக்குக் குளிர் தாங்காது, சர்க்கரையும் உண்டு. சின்ன கேஸ் ஹீட்டர் வைக்கலாமா? சட்டியில் கரி போட்டால் போதும் என்கிறார் கணவர். (புக்கிட் மெர்தாஜாம்)

இரண்டும் வேண்டாம் தங்கச்சி. கணவரிடம் இதைக் காட்டுங்கள். தணலாக இருக்கும் கரி, புகையே இல்லாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடை விடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே மயங்கிவிடுவார். பிக்கப் பின்புறம் போன்ற சின்ன இடத்தில் அது மிகச் சீக்கிரம் சேரும். கேஸ் ஹீட்டரிலும் அதே ஆபத்து உண்டு. அதோடு, 250 கிராம் பியூட்டேன் டின் முழுதும் எரிந்தால் 350 மில்லிக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். மேலே செந்தூல் தம்பி பட்ட பாடு உங்களுக்கும் வரும். எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் கூடாது. சமையலை வெளியே கான்வஸ் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

15 டிகிரிக்கு ஹீட்டரே தேவையில்லை. நம் ஊரில் குளிர் மேலிருந்து வருவதாக நினைத்துப் போர்வைக்கு மேல் போர்வை போடுகிறோம். படுத்திருப்பவர் சூட்டை இழப்பது அடிப்பக்கம்தான், இரும்புத் தளம் அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தளத்தில் இரண்டு அங்குல அடர்த்தியான ஃபோம், அதன்மேல் மடித்த கம்பளி, அப்புறம் அம்மா. மேலே ஒரு கம்பளி போதும். காலுறை, காதை மூடும் குல்லாய், படுக்கும் முன் ஒரு குவளை சர்க்கரை இல்லாத சூடான பானம். சூடுநீர்ப் பையும் வைக்கலாம், ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் காலடியில் வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் கொப்புளம் போட்டாலும் அவருக்குத் தெரியாது. படுக்கையை முன்கூட்டியே சூடாக்கிவிட்டு, அவர் படுக்கும்போது பையை எடுத்துவிடுங்கள்.

இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து போகிறவர் என்றால் பின் கதவு ஏறி இறங்குவது கஷ்டம். அப்படியானால் அவருக்குத் தானா ராத்தாவில் ஓர் அறை எடுத்துக் கொடுங்கள். நீங்கள் பிக்கப்பில் படுங்கள்.

என் உயரம் ஐந்தடி பத்து. டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கை உள்ள) பிக்கப்பில் கால் நீட்டிப் படுக்க முடியுமா? (செராஸ்)

நேராகப் படுத்தால் முடியாது. டபுள் கேப் தளத்தின் நீளம் ஒன்றரை மீட்டர் அளவே. பலகையைச் சக்கர வளைவுக்கு மேல் உயர்த்திப் போட்டால் முழு அகலமும் கிடைக்கும், மூலைக்கு மூலை படுத்தால் ஒருவருக்குத் தாராளம். இருவர் என்றால் பின் கதவைக் கீழிறக்கி, அதன்மேல் மடித்து நீட்டும் பலகை வையுங்கள். திறந்த பக்கத்துக்குக் கான்வஸ் தைக்கும் கடையில் அளவெடுத்து ஒரு பாவாடை தைத்துவிடலாம். பலகைக்கு மெரின் பிளைவூட் வாங்குங்கள், வெட்டிய ஓரங்களுக்கு வார்னிஷ் மறக்க வேண்டாம், ஈரம் ஓரத்தில்தான் ஏறும். படுக்கை கழற்றி மாட்டும்படி இருக்கட்டும். கூரையை உயர்த்துவது, உடலை வெட்டுவது போன்ற எதையும் ஜேபிஜேயிடம் (சாலைப் போக்குவரத்துத் துறை) கேட்காமல் தொடாதீர்கள். வண்டி ஓடும்போது பின்னால் யாரும் படுத்திருக்கக் கூடாது, குழந்தைகள் கட்டாயம் கூடாது.

கூரையின் உட்புறம் வெள்ளித்தாள் போன்ற பபிள் ஷீட் ஒட்டினேன். சூடு குறையவே இல்லை. (கெப்போங்)

அந்தத் தாள் வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்புவது. அதற்கு முன்னால் இரண்டு சென்டிமீட்டராவது காற்று இடைவெளி இருந்தால்தான் வேலை செய்யும். கூரையோடு அழுத்தி ஒட்டினால் பயனில்லை. அதை எடுத்துவிட்டு 25 மில்லிமீட்டர் எக்ஸ்பிஎஸ் எனும் கெட்டி ஃபோம் பலகையை இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். பகலில் சூடு குறையும், மலையில் கூரை வியர்ப்பதும் குறையும். பஞ்சு வகை எதுவும் வேண்டாம், ஈரத்தைக் குடித்துக்கொண்டு பூசணம் பிடிக்கும். ஆனால் கோலாலம்பூரில் இரவு வெளியே 25 டிகிரி இருக்கும்போது எந்தப் பலகையும் உங்களைக் குளிர வைக்காது. விசிறியும் நல்ல வலையும்தான் வழி.

விசிறி, விளக்கு, சின்ன ஃபிரிட்ஜுக்கு எவ்வளவு பெரிய பேட்டரி? (ஜெலுத்தோங்)

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை ஒன்று. அதில் ஏறக்குறைய 1,280 வாட்-மணி இருக்கும். விசிறியும் விளக்கும் ஓர் இரவுக்கு நூறைத் தாண்டாது, மீதியெல்லாம் ஃபிரிட்ஜுக்குத்தான். பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் ஃபியூஸ் போடுங்கள்.

நவம்பர், டிசம்பரில் கோலாலம்பூர் பக்கத்திலேயே ஆற்றோரமாகத் தங்கலாமா? வண்டிக்குள்தானே இருக்கிறோம்? (ஸ்தாப்பாக்)

வண்டிக்குள் இருப்பது மண்சரிவிலிருந்து காப்பாற்றாது ஐயா. 2022 டிசம்பர் 16 விடியற்காலை பத்தாங் காலி அருகே முகாமிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மீது மலைச்சரிவு விழுந்து 31 பேர் உயிரிழந்தார்கள், குழந்தைகள் உட்பட. அந்த நேரத்தில் யாரும் விழித்திருந்து சத்தம் கேட்டு ஓட முடியாது. அதனால் மழை மாதங்களில் வெட்டிய சரிவின் அடியிலும் சரி, சரிவின் விளிம்பிலும் சரி, வண்டியை நிறுத்தாதீர்கள். சாய்ந்த மரங்கள், தரையில் புது விரிசல், சரிவிலிருந்து திடீரென்று கலங்கி வரும் தண்ணீர், இதில் ஒன்றைப் பார்த்தாலும் கிளம்பிவிடுங்கள்.

ஆற்றங்கரையில் கெப்பாலா ஆயர், அதாவது மலையிலிருந்து திடீரெனப் பாய்ந்து வரும் வெள்ளம், ஆபத்து. நீங்கள் இருக்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம். மேலே மலையில் கொட்டிய மழை சில நிமிடங்களில் வந்து சேரும். தண்ணீர் நிறம் மாறி, இலையும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தால் பொருள்களை விட்டுவிட்டு ஏறுங்கள். வண்டியின் மூக்கு எப்போதும் வெளியேறும் பாதையைப் பார்த்து நிற்கட்டும். சாவி கையெட்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும், அது எங்கே என்று உடன் இருப்பவருக்கும் தெரியட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு மெத்தையில் பூசண வாடை போக மாட்டேன் என்கிறது. (ஆயர் ஈத்தாம்)

மெத்தை நேராகப் பலகைமேல் இருக்கிறது, அதுதான் காரணம். அடியில் சட்டங்களோ தென்னை நார் விரிப்போ வைத்தால் காற்று ஓடும். இலவம்பஞ்சு மெத்தை வீட்டுக்கு அருமை, பிக்கப்புக்கு வேண்டாம்; காய நாளாகும். இப்போதைக்கு உறையைத் துவைத்து, மெத்தையை இரண்டு பக்கமும் நல்ல வெயிலில் காய வையுங்கள். ஃபோமுக்குள்ளேயே கரும்புள்ளி இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள், மூச்சுத் தொந்தரவு உள்ளவர் வீட்டில் இருந்தால் இன்றைக்கே.