மனமே, நலமா? – மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு 73 வயது. கணவர் தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. மூத்தவன் சென்னையில், இளையவன் சிங்கப்பூரில். இவ்வளவு பெரிய வீட்டில் நான் ஒருத்திதான். அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. விடியும்போது நெஞ்சில் பாரம். பொழுது சாயச் சாயக் கொஞ்சம் குறைகிறது. ஆசையாக ஓலையில் கொட்டான் (கூடை) முடைவேன். இப்போது ஓலை காய்ந்து கிடக்கிறது. சொந்தத்தில் ஒரு மணிவிழா சாந்திக்குக்கூடப் போகவில்லை. டாக்டர், ‘வயதானால் அப்படித்தான்’ என்று தூக்க மாத்திரை எழுதித் தந்தார். பிள்ளைகள் வீட்டைப் பூட்டிவிட்டு வரச் சொல்கிறார்கள். என்ன செய்ய?
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: வயதானால் அப்படித்தான் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் ஆச்சி. 2008-இல் அமெரிக்காவில் 18 முதல் 85 வயது வரை மூன்று லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் தொலைபேசியில், நேற்றைய பொழுது எப்படிப் போனது என்று விசாரித்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் கவலையும் மன அழுத்தமும் குறைந்துகொண்டே போயின. அமெரிக்கக் கணக்கை அப்படியே கானாடுகாத்தானில் எழுத முடியாதுதான். ஆனால் முன்னோருக்குப் படையல் போடும் நம் ஊர்ப் படைப்பு வீடுகளில் எண்பது வயது ஆச்சிமார் ஒருவரையொருவர் கேலி செய்து சிரிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

துக்கம் வேறு, மனச்சோர்வு வேறு. துக்கம் வந்து வந்து போகும்; நடுவில் பேரன் போனில் கூப்பிட்டால் முகம் மலரும். எதிலுமே ருசி இல்லை, விடியற்காலையில் பாரம் அதிகம், விழிப்பும் முன்னதாகவே வந்துவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் மனச்சோர்வு. இரண்டு வாரம் நீடித்தாலே வைத்தியம் பார்க்க வேண்டும். நீங்கள் எத்தனை மாதம் பொறுத்தீர்களோ!

முதலில் ரத்தப் பரிசோதனை: தைராய்டு, ஹீமோகுளோபின், வைட்டமின் பி12, சோடியம். இவற்றில் குறை இருந்தாலும் மனம் இப்படிச் சோரும். கவிச்சியை விட்டவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்புண்டு. பிறகு மனநல மருத்துவரைப் பாருங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப் போங்கள்.

தூக்க மாத்திரைதான் எனக்குக் கவலை. நம் வீடுகளில் படுக்கை வீட்டின் ஒரு பகுதியில், கழிப்பறை பின்கட்டில். பாதி மயக்கத்தில் எழுந்து, இருட்டில் முற்றத்தைச் சுற்றிய வளவைக் கடந்து போக வேண்டும். முற்றத்தில் சாரல் அடித்திருந்தால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழுக்கும். இடுப்பு எலும்பு முறிவு இப்படித்தான் வருகிறது. நாளாகச் சாப்பிட்டு வந்தால் திடீரென நிறுத்தாதீர்கள். மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறையுங்கள். அதுவரை கழிப்பறைக்குப் பக்கமாகப் படுத்து, வழியில் ஒரு விளக்கை எரியவிடுங்கள். மின்சாரக் கட்டணத்தைப் பிள்ளைகள் கட்டட்டும்.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரமாவது ஆகும்; சிலருக்கு இன்னும் கூடும். முதல் வாரமே ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று தூக்கிப் போடாதீர்கள். இந்த வயதில் சில மாத்திரைகள் சோடியத்தைக் குறைக்கும். பேச்சு தடுமாறினாலோ தலை கிறுகிறுத்தாலோ உடனே சொல்லுங்கள். ‘இருந்து என்ன ஆகப்போகிறது’ என்ற எண்ணம் தலைகாட்டினால் அந்த நேரமே 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவை அது. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், காசில்லை.

வீட்டைப் பூட்டும் பேச்சைத் தள்ளிப் போடுங்கள். மனம் சோர்ந்திருக்கும்போது எந்த முடிவும் சரியாகத்தான் தோன்றும். தேறிய பிறகு சென்னைக்குப் போவதா, சொந்தத்தில் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொள்வதா என்று நீங்களே சொல்லுங்கள், பிள்ளைகள் கேட்டுக்கொள்ளட்டும்.

கேள்வி: எனக்கு 76. நாலு பேர் கூடிப் பேசினால் எரிச்சல் வருகிறது. முகப்பில் தனியாக உட்கார்ந்துவிடுகிறேன். கோபக்காரன் என்று பெயர் எடுத்தாயிற்று.
– புதுவயல் வாசகர்

பதில்: தொலைக்காட்சியை நீங்கள் எவ்வளவு சத்தமாக வைக்கிறீர்கள் என்று வீட்டில் கேளுங்கள். காது மந்தமானால் கூட்டப் பேச்சு வெறும் இரைச்சலாகத்தான் விழும், ஒதுங்கத் தோன்றும். காது மருத்துவரிடம் அழுக்கு அடைப்பையும் கேட்கும் திறனையும் பார்த்துக்கொள்ளுங்கள். கருவி தேவை என்றால் கௌரவம் பார்க்காமல் மாட்டுங்கள். காது சரியாகியும் எரிச்சல் தீராவிட்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.