இத்தாலியில் ஒரு பண்ணையத்து வீடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜூன் கடைசியில் ஃப்ளாரன்ஸில் நடக்கும் பின்னல் நூலிழைக் கண்காட்சிக்குப் போகிறேன். இந்த முறை வீட்டம்மா, பிள்ளைகள், அப்பா எல்லாரையும் கூட்டிப்போய் டஸ்கனி கிராமத்தில் ஒரு பழைய குடும்ப வில்லாவில் ஒரு வாரம் தங்க யோசனை. நல்ல ஹோட்டலுக்கு ஆகிற வாடகைதான் கேட்கிறார்கள். நம்பிப் போகலாமா?
*வாசகர், திருப்பூர்*

தாராளமாகப் போங்க. ஆனால் ஹோட்டல் என்று மனதில் வைத்துக்கொண்டு போனால் முதல் ராத்திரியே வாய்ச்சண்டை வந்துவிடும். பதினோரு மணிக்குப் போன் போட்டு வெந்நீர் கேட்க அங்கே ரிசப்ஷனே இருக்காது. வீட்டுக்காரர் குடும்பம் ஒரு பக்கம் குடியிருக்கும். மீதி அறைகளையோ, பழைய தானியக் கிடங்கு, குடியானவர் வீடு மாதிரியானவற்றைச் செப்பனிட்டோ வாடகைக்கு விட்டிருப்பார்கள். ஒறம்பரை வீட்டுக்குப் போனால் எப்படி இருப்போமோ அப்படி இருந்துகொண்டால் தொந்தரவே இல்லை.

வாடகை வில்லாக்களில் குடும்பம் குடியிருப்பதும் உண்டு, சாவியை மட்டும் ஒரு ஏஜென்சி கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு. என்னைக் கேட்டால் முதல் வகைதான், அதிலும் 'அக்ரிதூரிஸ்மோ', அதாவது பண்ணைத் தங்கல், என்று போட்டிருந்தால் இன்னும் நல்லது. 1985-ல் ஒரு சட்டமும் அதற்குப் பதிலாக 2006-ல் இன்னொன்றும் போட்டு, விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்க வேண்டும், விருந்தாளிகளைத் தங்கவைப்பது அதற்கு அடுத்தபடிதான் என்று வரையறுத்திருக்கிறார்கள். அதனால் மேஜைக்கு வரும் ஆலிவ் எண்ணெய் பெரும்பாலும் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மரத்தினுடையதாகவே இருக்கும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டா? இருந்தால் பதிவு செய்வதற்கு முன்பே கீழ்த்தள அறை கேளுங்கள். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம் என்றால், 2004-ம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டப்படி, சொந்தக்காரரே ஆனாலும் தொல்பொருள் அலுவலக அனுமதி இல்லாமல் ஒரு சுவரைக்கூட இடிக்க முடியாது. அதனால் லிஃப்ட் இருக்காது, பாத்ரூம் எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும், சுட்ட செங்கல் தரை மேடும் பள்ளமுமாகக் காலில் தட்டும். ஏசியும் அநேகமாக இருக்காது. காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஜன்னலின் மரப்பலகைக் கதவுகளைச் சாத்திவிட்டுப் பொழுது சாய்ந்த பிறகு திறக்க வேண்டும்; நம்மவர்கள் காற்று வரட்டும் என்று மத்தியானம் திறந்துபோட்டுவிட்டு, அப்புறம் வீடு சுடுகிறது என்பார்கள். கொசு உண்டு, சொல்லிவிட்டேன்.

சில்லறை விஷயங்கள்: கோடையில் பல வில்லாக்களை சனிக்கிழமைக்கு சனிக்கிழமை என்றுதான் விடுவார்கள். பல ஊர்களில் ஆளுக்கு, ராத்திரிக்கு இவ்வளவு என்று ஊராட்சி வரி தனியாக உண்டு. பாஸ்போர்ட் கேட்டால் முறைக்காதீர்கள், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தகவல் கொடுப்பது அவர்கள் கடமை. வீட்டம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: ஒவ்வொரு வீட்டிலும் குறைந்தது ஒரு பாத்ரூமிலாவது கழுவிக்கொள்ள பிடே என்ற சிறு தொட்டி இருக்க வேண்டும் என்று 1975-லேயே ஆணை போட்ட நாடு அது. ஐரோப்பாவில் மற்ற பல இடங்களில் நமக்கு வரும் அந்தக் கஷ்டம் இங்கே இல்லை.

அம்மா சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. வில்லாவிலேயே சமைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். என்னென்ன எடுத்துப் போகலாம்?
*வாசகி, கோபிசெட்டிபாளையம்*

முதலில் எதை எடுத்துப் போகக் கூடாது என்று சொல்கிறேன். நெய் கூடாது, பால்கோவா கூடாது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம், செடிகொடிக்குச் சான்றிதழ் கேட்பார்கள். துவரம்பருப்பு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், பொடி வகைகள் போதும். அரிசி, தக்காளி, பூண்டு, கத்தரிக்காய் எல்லாம் அங்கே அருமையாகக் கிடைக்கும். உப்புப் போடாத வெண்ணெய் வாங்கி உருக்கினால் நெய் ஆயிற்று. ஆகவே அம்மாவுக்கு அரிசிம்பருப்புச் சோறு உறுதி.

ஒன்று மட்டும் கவனம். இத்தாலியில் சாதாரண வீட்டு மின் இணைப்பு 3 கிலோவாட்தான். தண்ணீர் சுடவைக்கிற கெட்டில் ஒரு பக்கம், ஓவன் ஒரு பக்கம், இன்னொரு அறையில் பிள்ளை அயர்ன் பாக்ஸ் போட்டால் மொத்த வீடும் இருட்டாகிவிடும். போன உடனே மீட்டர் சுவிட்ச் எங்கே என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே ஒரு பெட்டியில் இருக்கும். வோல்டேஜ் நம்மூர் மாதிரியே 230-தான், ஆனால் நம் மூன்று முள் பிளக் நுழையாது, அடாப்டர் வேண்டும். அடுப்பு கேஸா இண்டக்‌ஷனா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுக் குக்கரைப் பெட்டியில் வையுங்கள்.

வீட்டுக்காரர்கள் சாப்பிடக் கூப்பிட்டால், வெறுமனே 'வெஜிட்டேரியன்' என்று சொல்லி நிறுத்தாதீர்கள். காய்கறி சூப்பில் இறைச்சி வேகவைத்த தண்ணீர் இருக்கலாம், பீன்ஸில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம். இறைச்சி, மீன், முட்டை, இறைச்சித் தண்ணீர், கொழுப்பு எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். பார்மிஜானோ சீஸில் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்ப்பார்கள், அதுவும் அம்மாவுக்கு ஆகாது. பழைய ரொட்டியையும் தக்காளியையும் சேர்த்துக் கஞ்சிப் பதத்தில் செய்யும் 'பாப்பா அல் பொமொதோரோ' கேட்டுப் பாருங்கள். அதிலும் இறைச்சித் தண்ணீர் ஊற்றாமல் செய்யச் சொல்லுங்கள். டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது, ஊறுகாய் கைவசம் இருக்கட்டும்.

அவ்வளவு பெரிய குடும்பங்கள் ஏன் வீட்டை வாடகைக்கு விடுகின்றன? எங்களிடமும் தோப்புக்குள் தாத்தா காலத்துத் தொட்டிக்கட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது, அதனால் கேட்கிறேன்.
*வாசகர், பொள்ளாச்சி*

நல்ல கேள்வி. அந்த வீடுகள் வெறும் பங்களா கிடையாது, பண்ணையத்தின் நடுவீடு. டஸ்கனியில் நிலத்தைப் பல பங்காகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு குடியானவர் குடும்பத்தை உட்காரவைத்து, விளைச்சலில் பாதி பண்ணாடிக்கு, பாதி உழுதவருக்கு என்று நூற்றாண்டுகளாக நடந்தது. பேர் 'மெட்ஸாத்ரியா'. நமக்கு அது பாதி வாரச் சாகுபடி, விளக்கவே தேவையில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குடியானவர்கள் நகரத்து ஃபாக்டரிகளுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். 1964-ல் புதிதாக இப்படிப் பாதிப் பங்கு ஒப்பந்தம் போடக் கூடாது என்று சட்டம் வந்தது, மிச்சமிருந்ததை 1982 சட்டம் குத்தகையாக மாற்றியது. விளைச்சல் வருமானம் போனது, கூரையும் ஓடும் மட்டும் மிச்சம். போதாததற்கு, பிள்ளைகளில் ஒருவருக்கே எல்லாவற்றையும் எழுதிவைக்க இத்தாலியச் சட்டம் விடாது, ஒவ்வொருவருக்கும் கட்டாயப் பங்கு உண்டு. விற்காமல், இடியாமல் காப்பாற்ற விருந்தாளிகள்தான் வழி என்றாகிவிட்டது. இப்படிப்பட்ட பழைய வீட்டுக்காரர்கள் 1977-ல் சங்கமே வைத்துவிட்டார்கள்.

வட இத்தாலியின் வெனெத்தோ பக்கமும் கதை பண்ணையத்தில்தான் தொடங்குகிறது. 1500-களில் பல்லாதியோ என்ற கட்டடக் கலைஞர் வெனிஸ் பணக்காரர்களுக்குக் கட்டிய வில்லாக்கள் பலவற்றில், நடுவில் தூண் வைத்த மாளிகை, இரண்டு பக்கமும் நீளமாக வண்டிக்கும் தானியத்துக்கும் தாழ்வாரம். இன்றைக்கு அவை யுனெஸ்கோ பட்டியலில். அவர் கட்டியவற்றில் விச்சென்ஸாவுக்கு வெளியே உள்ள ரொத்தோந்தா இன்னும் வல்மரானா குடும்பத்தின் கையில்தான், டிக்கெட் எடுத்துப் பார்க்கலாம்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரை விடலாம், ஆனால் உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். உங்கள் சிக்கலே அதில்தான் இருக்கிறது: பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு முதலில் யார் குடிபோவது? பங்காளிகளை உட்காரவைத்துப் பேசி அதை முடிவு செய்யுங்கள். அதற்கு முன்னால் ஆசாரத்துத் தூணுக்குப் பெயிண்ட் அடிக்கவோ, தரைக்கு டைல்ஸ் ஒட்டவோ ஆள் கூப்பிடாதீர்கள்.

வாடகைக் கார் ஓட்டலாமா?
*வாசகர், ஈரோடு*

ஓட்டியே ஆக வேண்டும், வில்லா வாசலுக்கு டவுன் பஸ் வராது. நம் லைசென்ஸோடு சர்வதேச பர்மிட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய நகரங்களின் மையத்தில் 'இசட்டிஎல்' (ZTL, வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி) பலகை இருக்கும் தெருவில் நுழைந்தால் கேமரா படம் எடுத்துவிடும். அபராதச் சீட்டு மாதக்கணக்கு கழித்து ஈரோட்டுக்கே வரும்.

விளம்பரம் போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*வாசகி, கரூர்*

2025 ஜனவரி முதல், சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் 'சின்' (CIN) என்ற தேசிய அடையாள எண் கட்டாயம், விளம்பரத்திலும் அது இருக்க வேண்டும். எண் இல்லாமல், முழுப் பணத்தையும் வங்கிக் கணக்குக்கு அனுப்பு என்றால் விட்டுவிடுங்கள்.

குளிர்காலத்தில் வாடகை குறைவாமே, டிசம்பரில் போகலாமா?
*வாசகர், உடுமலை*

வாடகை குறைவு, ஹீட்டர் பில் தனி. பல வில்லாக்களில் மீட்டர் பார்த்துக் கடைசி நாளில் கணக்குப் போடுவார்கள், கல் கட்டடம் சூடேறவே ஒரு நாள் பிடிக்கும், நீச்சல் குளமும் மூடியிருக்கும். அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரம் போங்க. ஆலிவ் பறிப்பு நடக்கும். செக்கிலிருந்து அன்றைக்கே வந்த எண்ணெயைச் சுட்ட ரொட்டியில் ஊற்றித் தருவார்கள், பச்சைப்பசேலென்று தொண்டையில் காறும்.