அறிவியல் கேள்வி – பதில்: கடலடிக் கற்களும் கூரைமேல் தகடுகளும்

தூத்துக்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ஆழ்கடலின் அடியில் கிடக்கும் கற்கள் சூரிய ஒளியே இல்லாமல் ஆக்சிஜனை உண்டாக்குகின்றன என்று படித்தேன். எங்கள் பேராசிரியரோ, அதை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்கிறார். எது சரி?

பதில்: பேராசிரியரின் ஐயத்துக்கு இடமிருக்கிறது. அதற்காக அந்தச் செய்தி வெறும் புரளியும் அன்று. ஹவாய்த் தீவுகளுக்கும் மெக்சிகோவுக்கும் இடையே, பசிபிக் பெருங்கடலில் கிளாரியன்–கிளிப்பர்டன் என்ற பரந்த பகுதி இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 4,000 மீட்டர் ஆழத்தில், மாங்கனீசு, நிக்கல், கோபால்ட், செம்பு ஆகியவை செறிந்த கரிய கட்டிகள், உருளைக்கிழங்கு அளவில், சேற்றின் மேல் சிதறிக் கிடக்கின்றன. அவை சில மில்லிமீட்டர் வளர்வதற்கே பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும். ஸ்காட்லாந்து கடல் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஸ்வீட்மேன், கடலடி உயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை உட்கொள்கின்றன என்று அறிய விரும்பினார். அதற்காக, அடிப்பக்கம் திறந்த பெட்டிகளைக் கடலடியில் இறக்கிச் சேற்றில் அழுத்திப் பதித்து, உள்ளே அகப்பட்ட நீரில் ஆக்சிஜனின் அளவைத் தொடர்ந்து பதிவு செய்தார்.

மூச்சுவிடும் உயிர்கள் மட்டுமே இருக்கும் பெட்டியில் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போக வேண்டும். 2013ஆம் ஆண்டில் அது கூடியது. கருவியில்தான் கோளாறு என்று முடிவு கட்டிய ஸ்வீட்மேன், அதைப் பல ஆண்டுகள் பொருட்படுத்தவில்லை. பிறகு முற்றிலும் வேறான ஓர் அளவீட்டு முறையைப் பயன்படுத்தியபோதும் அதே விடை கிடைத்ததால்தான், 2024 ஜூலையில் ‘நேச்சர் ஜியோசயன்ஸ்’ இதழில் அவருடைய குழுவின் கட்டுரை வெளிவந்தது. சில பெட்டிகளில் ஆக்சிஜன் இரண்டே நாட்களில் மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்ததாக அது கூறுகிறது.

இதற்குக் கட்டுரையாளர்கள் முன்வைத்த காரணம் மின்னாற்பகுப்பு, அதாவது மின்சாரத்தால் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிவது. ஒரு கட்டியின் மேற்பரப்பில் 0.95 வோல்ட் வரை மின்னழுத்தம் இருப்பதை அளந்தார்கள். கடல்நீரைப் பிரிப்பதற்குச் சுமார் 1.5 வோல்ட் தேவை. ஆகவே பல கட்டிகள் நெருங்கிக் கிடக்குமிடத்தில் அந்த அழுத்தம் சேர்ந்து போதுமான அளவை எட்டலாம் என்பது அவர்களின் கருத்து.

எதிர்ப்பும் உடனே வந்தது. பெட்டிகள் மேலிருந்து இறங்கும்போதே காற்றுக் குமிழ்கள் உள்ளே சிக்கியிருக்கலாம் என்றனர் சிலர். ஆய்வுக்குப் பணம் கொடுத்த கனிமச் சுரங்க நிறுவனமே முடிவை மறுத்தது. அதன் நலன் எந்தப் பக்கம் என்பது தெரிந்ததுதான் என்பதால் அந்த மறுப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வேதியியலாளர்கள் எழுப்பிய கேள்வி வலுவானது. நீரைப் பிரிப்பதற்கு ஆற்றல் செலவாகிறது. பல லட்சம் ஆண்டுகளாகச் சேற்றில் கிடக்கும் ஒரு கட்டிக்கு அந்த ஆற்றல் எங்கிருந்து வந்துகொண்டே இருக்கிறது? மின்னேற்றம் செய்ய எதுவும் இல்லாத பேட்டரி என்றோ தீர்ந்துபோயிருக்க வேண்டுமே. இதற்குக் கட்டுரையில் நிறைவான விடை இல்லை. ஆக்சிஜன் கூடியது ஓர் அளவீடு. கற்கள்தான் அதை உண்டாக்கின என்பது அந்த அளவீட்டுக்குச் சொல்லப்பட்ட ஒரு விளக்கம். செய்தித்தாள்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. மேலும் ஆழத்துக்குச் செல்லக்கூடிய புதிய கருவிகளோடு மறு ஆய்வு நடத்த ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளை 2025இல் ஸ்வீட்மேனுக்கு நிதியுதவி அறிவித்திருக்கிறது.

சென்னை, பள்ளிக்கரணையிலிருந்து ஒரு வாசகர்: அந்தக் கட்டிகளை அள்ளினால்தான் மின்வாகனங்களுக்குப் பேட்டரி கிடைக்கும் என்கிறார்களே? இந்தியாவும் இதில் இறங்கியிருக்கிறதா?

பதில்: இறங்கியிருக்கிறது, அதுவும் உங்கள் ஊரிலிருந்தே. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்தான் இதற்கான இயந்திரங்களை வடிவமைக்கிறது. மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இக்கட்டிகளை ஆராயும் உரிமையைச் சர்வதேசக் கடலடி ஆணையத்துடன் 2002இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் மூலம் இந்தியா பெற்றிருக்கிறது. ஆராயும் உரிமை என்பதைக் கவனியுங்கள். நாடுகளின் எல்லைக்கு அப்பாற்பட்ட கடலடியில் வணிக அகழ்வுக்கு அந்த ஆணையம் இன்னும் எவருக்கும் அனுமதி தரவில்லை. 2021இல் ‘வராஹா’ என்ற சங்கிலிச் சக்கர ஊர்தி 5,270 மீட்டர் ஆழத்தில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்வதற்கான ‘மத்ஸ்யா 6000’ நீர்மூழ்கியும் அங்கேதான் உருவாகிறது.

கேள்வியின் முதற்பகுதி விவாதத்துக்குரியது. நிக்கலும் கோபால்டும் ஒருவகைப் பேட்டரிக்குத்தான் வேண்டும். இரும்பு பாஸ்பேட்டை அடிப்படையாகக் கொண்ட லித்தியம் பேட்டரிகளுக்கு அவ்விரண்டும் தேவையில்லை. 2024இல் உலக மின்வாகனப் பேட்டரிச் சந்தையில் கிட்டத்தட்ட பாதி இவ்வகையே. எனவே கடலடியைக் கிளறாவிட்டால் தூய ஆற்றலே இல்லை என்ற வாதம், பத்தாண்டுகளுக்கு முன் இருந்த வலுவை இழந்துவிட்டது என்பது என் கணிப்பு.

கிளறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நேரடிச் சான்று உண்டு. 1979இல் கிளாரியன்–கிளிப்பர்டன் பகுதியில் ஒரு சோதனை இயந்திரம் கட்டிகளை அள்ளிப் பார்த்தது. பிரிட்டனின் தேசியக் கடலியல் மையத்தைச் சேர்ந்த குழு 2023இல், அதாவது 44 ஆண்டுகள் கழித்து, அதே இடத்துக்குப் போனபோது இயந்திரத்தின் தடம் பள்ளமும் மேடுமாக அப்படியே இருந்தது. சில சிற்றுயிர்கள் திரும்பிக் குடியேறத் தொடங்கியிருந்தன. ஆனால் கட்டிகளைப் பற்றிக்கொண்டுதான் வாழ முடியும் என்ற உயிர்களுக்கு, அள்ளிய இடத்தில் பற்றுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

நாகர்கோவிலிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை: உலகிலேயே எடை மிகுந்த கணவாயை உயிரோடு படம்பிடித்தார்கள் என்ற காணொளியை என் மாணவர்கள் காட்டினார்கள். அதில் தெரிவது சிறு குஞ்சுபோல இருக்கிறதே?

பதில்: குஞ்சேதான், சுமார் 30 சென்டிமீட்டர் நீளம். கொலாசல் கணவாய் என்ற அந்த இனம் முழுதாக வளர்ந்தால் 7 மீட்டர் நீளமும் 500 கிலோ எடையும் எட்டக்கூடும். எண்ணெய்த் திமிங்கிலத்தின் வயிற்றில் கிடைத்த கைகளைக் கொண்டு 1925இல் அதற்குப் பெயரிட்டார்கள். அதன் பிறகு நூறாண்டுகளாக, திமிங்கிலங்களின் வயிற்றிலும் மீன்பிடிக் கப்பல்களின் தூண்டிலிலும் அகப்பட்டவற்றை வைத்தே அறிந்திருந்தோம். 2025 மார்ச் 9 அன்று தெற்கு சாண்ட்விச் தீவுகளுக்கு அருகே, ஷ்மிட் ஓஷன் நிறுவனத்தின் கப்பலிலிருந்து இறக்கிய ஆளில்லா ஊர்தி, 600 மீட்டர் ஆழத்தில் அதைத் தன் இயல்பான வாழிடத்தில் முதன்முறையாகப் படம்பிடித்தது. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடல். கைகளின் நடுப்பகுதியில் கொக்கிகள். இந்தக் கொக்கிகளைக் கண்டுதான் இனத்தை உறுதி செய்தார்கள், ஏனென்றால் இதே தோற்றமுள்ள உறவினம் ஒன்றும் அக்கடலில் உண்டு. வளர்ந்த கணவாயை அதன் ஆழ்கடல் வாழிடத்தில் படம்பிடிப்பது இன்னும் பாக்கியிருக்கிறது என்று மாணவர்களிடம் சொல்லுங்கள்.

நெய்வேலியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பொறியாளர்: நிலத்துக்கடியில் ஹைட்ரஜன் தானாகவே ஊறுகிறது என்பது உண்மையானால், அதைத் தொழிற்சாலையில் தயாரிப்பதற்கு ஏன் இவ்வளவு பாடு?

பதில்: ஊறுகிறது என்பது உண்மை. ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் பூராகேபூகூ என்ற ஊரில் 1987இல் தண்ணீருக்காகத் துளையிட்டபோது, நீர் வராமல் காற்று வந்தது. புகைத்துக்கொண்டே எட்டிப்பார்த்த ஒருவர் தீக்காயம் பட்டார், துளையை மூடிவிட்டார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் திறந்து சோதித்தபோது அது ஏறத்தாழ 98 சதவீதம் ஹைட்ரஜன் என்று தெரிந்தது. அந்த ஒரே துளையிலிருந்து வந்த வாயுவைக் கொண்டு ஊருக்கு மின்விளக்கு எரித்தார்கள். இரும்பு மிகுந்த பாறையோடு சூடான நீர் வினைபுரியும்போது இரும்பு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள, ஹைட்ரஜன் விடுபடுகிறது என்பதே இதன் அடிப்படை.

பாடு எங்கே என்றால், அளவில்தான். அல்பேனியாவின் புல்கீசா குரோமியச் சுரங்கத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 200 டன் ஹைட்ரஜன் கசிகிறது என்று 2024இல் ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை வந்ததும் எங்கும் பரபரப்பு. உலகின் ஆண்டுத் தேவையோ சுமார் 10 கோடி டன். அதில் பெரும்பகுதி இன்றும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடைக் காற்றில் விட்டே தயாராகிறது. நிலத்தடியில் மொத்தமாகப் பல லட்சம் கோடி டன் இருக்கலாம் என்று அமெரிக்க நிலவியல் துறையினர் 2024 டிசம்பரில் மதிப்பிட்டபோது, அதில் பெரும்பகுதி எட்டாத ஆழத்திலோ எடுப்பதற்குக் கட்டுப்படியாகாத சிறு திரள்களாகவோ இருக்கும் என்றும் சேர்த்தே சொன்னார்கள். நுண்ணிய வாயு என்பதால் பாறை இடுக்குகளில் எளிதில் நழுவிப் போகும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் வேறு அதை உணவாக்கிக்கொள்ளும். தேடிப் பார்க்கத் தகுந்த வளம்தான். ஆனால் அதை நம்பி இன்றைய திட்டங்களைத் தள்ளிப்போடுவது தவறு.

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி: பெரோவ்ஸ்கைட் சோலார் வரப்போகிறது என்கிறார்கள். வீட்டுக் கூரையில் இப்போதே தகடு போடலாமா, காத்திருக்கலாமா?

பதில்: இப்போதே போடுங்கள். இன்றைய தகடுகளில் உள்ள சிலிக்கான் மேல், பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளின் மெல்லிய அடுக்கு சேர்த்த மின்கலத்தில், சீனாவின் லாங்கி நிறுவனம் 2025 ஏப்ரலில் விழும் ஒளியில் 34.85 சதவீதத்தை மின்சாரமாக்கும் திறனை எட்டியது உண்மையே. சிலிக்கான் தனித்து நின்றால் கோட்பாட்டளவில்கூட 29.4 சதவீதத்தைத் தாண்ட முடியாது என்பதால் அது பெரிய சாதனை. ஆனால் அது ஆய்வுக்கூடத்து மின்கலம். 2024இல் ஆக்ஸ்போர்டு பிவி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்கு அனுப்பிய தகடுகளின் திறன் 24.5 சதவீதம்தான். ஈரமும் வெப்பமும் பெரோவ்ஸ்கைட்டுக்கு ஆகாது; நம் ஊர் வெயிலிலும் மழையிலும் அது எத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும் என்பது இனிமேல்தான் தெரியவர வேண்டும். சாதாரண சிலிக்கான் தகட்டுக்கோ 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வீட்டு அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. கூரையில் நிழல் விழாத பகுதி எவ்வளவு என்பதை முதலில் அளந்துகொண்டு, அதன் பிறகு விலைப்பட்டியல் கேளுங்கள்.