கேளுங்க அக்காகிட்ட: அழுதா விசுவாசம் இல்லைன்னு ஆயிடுமா?

கேள்வி: அக்கா, வீட்டுக்காரர் ஹார்ட் அட்டாக்ல போய் எட்டு மாசம் ஆகுது. மகன் என்எஸ்ல (கட்டாய தேசிய சேவை) இருக்கான், வார நாள்ல வீட்ல நான் மட்டும்தான். சர்ச்ல பாட்டு ஆரம்பிச்சாலே அழுகை வந்துடுது. "அவர் பரலோகத்துல இருக்காரு, நீங்க ஏன் அழறீங்க, விசுவாசம் எங்க?"ன்னு கேக்கறாங்க. போதாததுக்கு அடுத்த மாசக் கூட்டத்துல தேவன் எப்படி ஆறுதல் தந்தாருன்னு சாட்சி சொல்லச் சொல்றாங்க. ஆறுதலே வரலையே அக்கா, என்னத்த சொல்ல?
- ஈசூன் வாசகி

பதில்: தங்கச்சி, முதல்ல அந்த சாட்சிய "இப்ப முடியாது"ன்னு சொல்லிடுங்க, காரணம்லாம் சொல்லணும்னு அவசியமில்ல.

அழக்கூடாதுன்னு சொல்றவங்க வழக்கமா 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐத்தான் எடுப்பாங்க. அதைப் பொறுமையா படிச்சுப் பாருங்க, நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி துக்கப்படாதீங்கன்னுதான் பவுல் எழுதறாரு, துக்கமே படாதீங்கன்னு இல்ல. யோவான் 11-ல லாசரு செத்து நாலு நாள் ஆச்சு, கொஞ்ச நேரத்துல தானே அவரை எழுப்பப் போறாருன்னு இயேசுவுக்குத் தெரியும், தெரிஞ்சும் லாசருவோட சகோதரி மரியாள் அழறதைப் பாத்து அவரும் கண்ணீர் விட்டாரு, அப்ப அவருக்கும் விசுவாசம் இல்லையா? இதைக் கேட்டவங்ககிட்டயே திருப்பிக் கேளுங்க (சிரிச்சுக்கிட்டே கேளுங்க, சண்டை வேணாம்).

ஜெபம் பண்ண வார்த்தை வரலைன்னா சங்கீதம் 88-ஐ சத்தமா வாசிங்க. முழுக்கப் புலம்பல்தான், கடைசி வசனத்துல கூட விடியாது, சிநேகிதங்களும் விலகிட்டாங்கன்னு முடிஞ்சுடும். அதையும் வேதத்துல சேத்துத்தான் வச்சிருக்காங்க. என்னைக் கேட்டா, சிரிச்ச முகத்தோட சொல்ற பொய் சாட்சிய விட இந்தப் புலம்பல் பெரிய ஜெபம்.

அப்புறம் சாப்பாடு, தூக்கம். எலியா தீர்க்கதரிசி "போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கும்"னு சூரைச்செடிக்குக் கீழ படுத்தப்ப தேவன் பிரசங்கம் பண்ணல, தூங்க விட்டாரு, தூதனை அனுப்பி அடையும் தண்ணியும் கொடுத்தாரு, மறுபடி தூங்க விட்டு மறுபடி சாப்பிட வச்சாரு, பேச்செல்லாம் அதுக்கப்புறம்தான். உங்களுக்குத் தூக்கம் வரலைன்னா, சாப்பாடு இறங்கலைன்னா பாலிகிளினிக் போய் டாக்டர்கிட்ட சொல்லுங்க, அவர் கவுன்சலிங்குக்கு அனுப்பினா போங்க, அது விசுவாசக் குறைச்சல் இல்ல. ராத்திரில உயிரோட இருக்கவே வேணாம்னு தோணுச்சுன்னா அந்த நிமிஷமே 1767-க்கு (சிங்கப்பூர் எஸ்ஓஎஸ் தற்கொலைத் தடுப்பு உதவி எண்) போன் போடுங்க, 24 மணி நேரமும் எடுப்பாங்க. மகன்கிட்டயும் மறைக்காதீங்க, அவனுக்கும் போனது அப்பாதானே.

கேள்வி: கூட வேலை பாக்கற கிறிஸ்துவ நண்பரோட அம்மா இறந்துட்டாங்க. நான் இந்து, என்ன பேசறதுன்னே தெரியல.
- உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: ஒண்ணும் பேச வேணாம் தம்பி. பைபிள்ல பிள்ளைங்க, சொத்து எல்லாத்தையும் இழந்த யோபுன்னு ஒருத்தர் வருவாரு, அவரோட கூட்டாளிங்க மூணு பேரும் ஏழு நாள் ராப்பகலா வாயைத் திறக்காம கூட உக்காந்திருந்தாங்க, அது வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பிச்சாங்க பாருங்க, அங்கதான் கெட்டுது! துக்கத்துக்கு ஆளுங்க கூடற வாய்ட் டெக்ல (பிளாக்குக்குக் கீழ இருக்கற திறந்த தளம்) போய் நண்பர் பக்கத்துல உக்காருங்க. அடக்கம் முடிஞ்சு கூட்டம் கலைஞ்சப்புறம், ரெண்டு வாரம் கழிச்சு, சாப்பாடு பாக்கெட் வாங்கிட்டு இன்னொரு தடவை வீட்டுக்குப் போங்க, அப்பதான் ஆளு வேணும்.