திண்ணையும் கீழ்த்தளமும்

அன்புள்ள ஐயா,
சிங்கப்பூரின் பொங்கோலில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு திண்ணை இருந்தது. தெருவே சொந்தமாக இருந்தது. இங்கே பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரியாது. கட்டடக்கலை சமூகத்தை உருவாக்குகிறதா, அல்லது சமூகம் கட்டடக்கலையை உருவாக்குகிறதா? வாஸ்து பார்க்காததும் ஒரு காரணமோ?
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாஸ்துவை விட்டுவிடுவோம். ஊர் ஏக்கம் உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. அதை நான் இளக்காரமாக நினைக்கவில்லை. ஆனால் சில காலமாகவே என்னை உறுத்திவரும் திண்ணைப் புகழ்ச்சியை நீங்களும் பாடியிருப்பதால் பதில் எழுதுகிறேன்.

என் தாத்தா வீட்டுத் திண்ணையும் அகலமானதுதான். வழிப்போக்கர்கள் அதில் படுத்துறங்கியதை உறவினர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் எங்கள் வயலில் உழைத்தவர்கள் கூலி வாங்க வந்தபோது அதில் உட்கார்ந்ததில்லை. தெருவில், வெயிலில் நின்றார்கள். யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்று அங்கே யாரும் பலகை எழுதி மாட்டவில்லை, மாட்டத் தேவையும் இருக்கவில்லை. உங்கள் வீட்டுத் திண்ணையில் யாரெல்லாம் உட்கார்ந்தார்கள், யாரெல்லாம் உட்காரவே இல்லை என்று யோசித்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.

1970களிலிருந்து இங்கே வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பல அடுக்குமாடிப் புளோக்குகளின் கீழ்த்தளத்தை வீடுகள் இல்லாமல் திறந்தே விட்டது. என் தந்தையின் உடலை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் வைத்திருந்தோம். முந்தைய வாரம் அதே இடத்தில் மகளுக்குத் திருமணம் நடத்திய மலாய்க் குடும்பத்தினர் வந்து, யாரும் கேட்காமலேயே நாற்காலிகளை எடுத்துப் போட்டார்கள். தாத்தா வீட்டுத் திண்ணையில் அது நடந்திருக்காது.

இதைத் தூண்களும் சிமெண்டுத் தரையும் தாமாகச் செய்துவிடவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 11 மாடிகள் கொண்ட 33 புளோக்குகளாகக் கட்டப்பட்ட புரூயிட்-ஐகோ குடியிருப்பிலும், மக்கள் கூடிப் பேசட்டும் என்றே அகலமான நடைவழிகளை அமைத்தார்கள். ஏழைகளின் வாடகையை நம்பிய பராமரிப்பு நொடித்துப்போக, அந்த நடைவழிகளே அச்சத்துக்குரியவை ஆயின. 1972இல் இடிக்கத் தொடங்கினார்கள். இங்கேயோ பெரும்பாலும் குடியிருப்பவர்களே வீட்டின் உரிமையாளர்கள். துப்புரவுக்கு நகர மன்றம் இருக்கிறது. எந்தப் புளோக்கும் ஒரே இனத்தார் கையில் போய்விடாதபடி 1989 முதல் இன விகிதாசாரம், அதாவது ஒரு புளோக்கில் ஓர் இனத்தார் இத்தனை வீடுகளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்ற வரம்பு, இருக்கிறது. (அதனால் வீட்டை விற்கும்போது நம்மவர்கள் படும் பாடு தனிக்கதை.)

புதிய புளோக்குகளில் பொது நடைவழி குறுகிவிட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டாரின் பெயரை மறைத்து வைக்கும்படி எந்த வரைபடத்திலும் எழுதியிருக்கவில்லை. மின்தூக்கியில் நாள்தோறும் அவரோடுதானே இறங்குகிறீர்கள், கேட்டுவிடுங்கள்.